எதிர்ப்பொருள் மரபணுக்களில் பரம்பரை வேறுபாடு: அது நோயெதிர்ப்பை எப்படி வடிவமைக்கிறது? முழுமையான வழிகாட்டி

எச்ஐவி தடுப்பூசி ஒன்றின் முதற்கட்டப் பரிசோதனை முடிவு 2022-இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியானது. தடுப்பூசி பெற்றவர்கள் 36 பேர். ஆய்வாளர்கள் தேடிய வகை பி செல்கள் (எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளணுக்கள்) அவர்களில் 35 பேரிடம் உருவாகியிருந்தன, ஒருவரிடம் மட்டும் உருவாகவில்லை. மருந்தில் குறையில்லை, அவரும் ஆரோக்கியமானவர்தான். அந்த எதிர்ப்பொருளைக் கட்டத் தொடங்குவதற்குத் தேவையான மரபணு வடிவம் அவருக்குத் தாயிடமிருந்தும் வரவில்லை, தந்தையிடமிருந்தும் வரவில்லை.

இந்த ஒரு முடிவை முழுமையாகப் புரிந்துகொண்டால், எதிர்ப்பொருள்களைப் பற்றி நாம் படித்ததில் விடுபட்டுப்போன பாதி கிடைத்துவிடும். உடல் எந்த நோய்க்கிருமியையும் அடையாளம் காணும் அளவுக்கு எண்ணற்ற எதிர்ப்பொருள்களைத் தற்செயலாக உருவாக்குகிறது என்று பாடநூல்கள் சொல்கின்றன. அது உண்மை. ஆனால் அந்தத் தற்செயல் எந்தக் கையிருப்பிலிருந்து தொடங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலருக்குச் சில மரபணுத் துண்டுகள் அறவே இல்லை, சிலருக்கு ஒரே துண்டு இரண்டு மூன்று பிரதிகளாக இருக்கிறது. இன்னும் சிலருக்கு ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. இவற்றின் விளைவு என்ன, அதை எப்படி அளக்கிறார்கள், இது குறித்த செய்திகளை எப்படி எடைபோடுவது என்பதை அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பள்ளி உயிரியல் நினைவில் இருந்தால் போதும்.

படி 1: மரபணுக்கள் எங்கே இருக்கின்றன, எப்படிச் சேர்கின்றன

ஓர் எதிர்ப்பொருளில் ஒரே மாதிரியான இரண்டு கனச் சங்கிலிகளும் ஒரே மாதிரியான இரண்டு இலகு சங்கிலிகளும் உண்டு. கனச் சங்கிலிக்கான மரபணுக்கள் 14-ஆம் குரோமோசோமின் நுனியில் இருக்கின்றன. இலகு சங்கிலியில் கப்பா, லாம்ப்டா என்று இரு வகை. கப்பாவுக்கானவை 2-ஆம் குரோமோசோமிலும் லாம்ப்டாவுக்கானவை 22-ஆம் குரோமோசோமிலும் அமைந்துள்ளன.

இங்கே ‘மரபணு’ என்று சொல்வதே சற்றுத் தளர்வான பேச்சு. கனச் சங்கிலியில் இலக்கைப் பிடிக்கும் மாறும் பகுதிக்கு முழு மரபணு எதையும் நாம் பெற்றோரிடமிருந்து பெறுவதில்லை. வி, டி, ஜே என்ற மூன்று வகைத் துண்டுகளையே பெறுகிறோம். எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு பி செல்லும் வளரும்போது ஒரு வி, ஒரு டி, ஒரு ஜே என எடுத்து, இடையில் உள்ள டிஎன்ஏவை வெட்டி நீக்கிவிட்டு ஒட்டிக்கொள்கிறது. டிஎன்ஏ இப்படி இடம் மாறிச் சேர்கிறது என்பதை சுசுமு டோனகாவா 1976-இல் காட்டினார். அதற்காக 1987-இல் நோபல் பரிசு பெற்றார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செயல்படும் வி துண்டுகள் ஏறத்தாழ 40, டி துண்டுகள் 23, ஜே துண்டுகள் 6. பெருக்கினால் 5,520 கனச் சங்கிலிகள். இலகு சங்கிலிகளில் டி துண்டு கிடையாது. வி, ஜே இணைப்புகள் மட்டும் தோராயமாக 320 வரும். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 17.7 லட்சம். அத்துடன் முடியவில்லை. துண்டுகள் ஒட்டும் இடத்தில் சில டிஎன்ஏ எழுத்துகள் கொறிக்கப்படுகின்றன, சில எழுத்துகள் எந்த வார்ப்பும் இல்லாமல் புதிதாகச் சேர்க்கப்படுகின்றன. எண்ணிக்கை கோடிகளைத் தாண்டிப் பாய்வது இந்த ஒட்டுமிடத்தால்தான்.

படி 2: பிறவியில் வந்ததையும் பிறகு உருவானதையும் பிரித்தறியுங்கள்

பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான் தொடங்குகின்றன என்பதால் இந்தப் படியில் சற்று நிற்க வேண்டும்.

எதிர்ப்பொருளின் நுனியில், இலக்கைத் தொடும் வளையங்கள் ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்று. மூன்றாவது வளையம் மேலே சொன்ன ஒட்டுமிடத்தில் உருவாகிறது. அதில் தற்செயலின் பங்கு மிகப் பெரிது. முதல் வளையமும் இரண்டாவது வளையமும் வி துண்டிலேயே எழுதப்பட்டுள்ளன. அதாவது, ஒரு பி செல் முதன்முதலாக ஒரு வைரஸைச் சந்திக்கும்போது, அதன் ஆறு வளையங்களில் நான்கு பெற்றோரிடமிருந்து வந்த எழுத்துகளை அப்படியே ஏந்தியிருக்கின்றன.

அதன் பிறகு இன்னொரு கட்டம் வருகிறது. ஆன்டிஜெனை, அதாவது எதிர்ப்பொருளின் இலக்குப் பொருளை, பிடித்த பி செல்கள் நிணநீர்க் கணுக்களின் முளை மையங்களுக்குள் சென்று, தங்கள் எதிர்ப்பொருள் மரபணுவில் வேண்டுமென்றே சடுதிமாற்றங்களை ஏற்படுத்திக்கொள்கின்றன. ஏஐடி என்ற நொதி இதைச் செய்கிறது. ஜப்பானின் தசுகு ஹொன்ஜோவின் ஆய்வகம் 1999-இல் அதைக் கண்டறிந்தது. நன்றாகப் பிடிக்கும் மாற்றம் பெற்ற செல்கள் பிழைத்துப் பெருகுகின்றன, மற்றவை மடிகின்றன. இந்த மாற்றங்கள் அந்தச் செல்லோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குப் போகாது.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றால் தொடக்கத்தில் என்ன இருந்தால் என்ன? நியாயமான கேள்வி. விடை, நுழைவுத் தகுதியில் இருக்கிறது. முளை மையத்துக்குள் நுழையவே ஒரு பி செல் ஆன்டிஜெனை ஓரளவு பிடித்தாக வேண்டும். அந்த ஆரம்பப் பிடி பரம்பரை எழுத்துகளிலிருந்து வருகிறது என்றால், அது இல்லாதவரிடம் மேம்படுத்துவதற்கு ஒன்றுமே இருக்காது. ஒரே எழுத்தை மாற்றினால் சரியாகிவிடும் குறையாக இருந்தாலும், மாற்றம் நடக்கும் இடத்துக்கு அந்தச் செல் போய்ச் சேராது. இந்தத் துறை முழுவதும் இந்த ஒரு வாதத்தின் மீது நிற்கிறது என்றே சொல்வேன்.

பிறவியில் வரும் தொடக்கக் கையிருப்பு எவ்வளவு உறுதியானது என்பதற்கு 2011-இல் வெளியான இரட்டையர் ஆய்வு ஒன்று நல்ல சான்று. இன்னும் எந்த ஆன்டிஜெனையும் சந்திக்காத பி செல்களில் எந்த வி துண்டு எத்தனை முறை பயன்படுகிறது என்பது ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களிடம் மிக நெருக்கமாக ஒத்திருந்தது. லிம்போசைட்டுகளை (பி செல்கள் அடங்கிய வெள்ளணு வகையை) தொடர்ந்து அழிக்கும் சிகிச்சைக்குப் பின்னரும் அந்த விகிதங்கள் மாறவில்லை. தற்செயலுக்கும் ஒரு பரம்பரைச் சாய்வு உண்டு என்று இதிலிருந்து தெரிகிறது.

படி 3: பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஆய்வுக் கட்டுரைகளில் ஐஜிஎச்வி1-69*01 என்பது போன்ற பெயர்கள் நிறைந்திருக்கும். முறை எளிது. ‘ஐஜி’ என்றால் இம்யூனோகுளோபுலின், அதாவது எதிர்ப்பொருள். ‘எச்’ என்றால் கனச் சங்கிலி. அந்த இடத்தில் ‘கே’ வந்தால் கப்பா, ‘எல்’ வந்தால் லாம்ப்டா. ‘வி’ என்பது துண்டின் வகை. அடுத்த 1, அது சேர்ந்த குடும்பம். 69, குரோமோசோமில் அதன் இடவரிசை. உடுக்குறிக்குப் பின்னால் வரும் 01 அல்லீலின் எண், அதாவது அந்தத் துண்டின் குறிப்பிட்ட எழுத்து வடிவம். இந்தப் பெயரிடும் முறையை பிரான்ஸின் மோன்பெலியே நகரில் மரி-போல் லெஃப்ரான் 1989-இல் தொடங்கிய ஐஎம்ஜிடி தரவகம் நிலைநிறுத்தியது.

ஒரு கட்டுரை உடுக்குறிக்கு முன்னால் உள்ள பெயரை மட்டும் தருகிறதா, அல்லீல் எண்ணையும் தருகிறதா என்று கவனியுங்கள். பரம்பரை வேறுபாட்டைப் பற்றிய எந்தக் கருத்துக்கும் அல்லீல் எண் இன்றியமையாதது.

படி 4: வேறுபாடு எந்த மட்டத்தில் என்று கேளுங்கள்

பரம்பரை வேறுபாடு நான்கு வழிகளில் வேலை செய்கிறது.

முதல் வழி, இருப்பும் இல்லாமையும். கனச் சங்கிலி மரபணுப் பகுதியில் துண்டுகள் கூட்டமாக நீங்கியும் இரட்டித்தும் இருப்பது சாதாரணம். ஐஜிஎச்வி1-69 சிலருக்கு ஒரு குரோமோசோமில் ஒரு பிரதியாகவும் சிலருக்கு இரண்டு பிரதியாகவும் இருக்கிறது. ஐஜிஎச்வி1-8, ஐஜிஎச்வி3-9 ஆகிய இரண்டும் இருக்கும் குரோமோசோமில் அந்த இடத்தில் ஐஜிஎச்வி5-10-1, ஐஜிஎச்வி3-64டி ஆகியவை இருக்காது. அவை இருந்தால் இவை இருக்காது. ஆரோக்கியமான இருவரின் எதிர்ப்பொருள் மரபணுப் பட்டியல் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கலாம் என்பது முதன்முறை கேட்பவருக்கு வியப்பளிக்கும். மரபணுத் தொகுதியில் இந்த அளவுக்குக் கலைந்து கிடக்கும் இடங்கள் சிலவே.

இரண்டாவது வழி, அமினோ அமில மாற்றம். அடுத்த படி முழுவதும் அதைப் பற்றித்தான்.

மூன்றாவது வழி, துண்டு எவ்வளவு அடிக்கடி எடுக்கப்படுகிறது என்பது. ஒவ்வொரு துண்டின் அருகிலும் வெட்டும் நொதிகளுக்கான அடையாளக் குறி உண்டு: ஏழு எழுத்து, ஒன்பது எழுத்து என இரு பகுதிகள், இடையில் 12 அல்லது 23 எழுத்து இடைவெளி. இந்தக் குறியில் பிசகு இருந்தால், துண்டின் எழுத்துகள் பழுதின்றி இருந்தும் அது எடுக்கப்படாது. 1996-இல் அமெரிக்காவின் நவாஹோ மக்களிடம் இப்படி ஒரு வடிவம் கண்டறியப்பட்டது. ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா பி என்ற பாக்டீரியாவின் மேலுறைக்கு எதிரான எதிர்ப்பொருள்களில் ‘ஏ2’ என்ற கப்பா துண்டு முக்கிய இடம் வகிக்கிறது. அவர்களில் பலரிடம் இருந்த ஏ2 வடிவத்தில் அடையாளக் குறியின் ஓர் எழுத்து மாறியிருந்தது, அதனால் அந்தத் துண்டு சேர்வது வெகுவாகக் குறைந்தது. அந்தப் பாக்டீரியா தரும் கடும் நோய் நவாஹோ குழந்தைகளிடம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். ‘ஒரு காரணமாக இருக்கலாம்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வாழிட நெரிசல், மருத்துவ வசதி போன்றவையும் இத்தகைய நோய்களில் பெரும் பங்கு வகிக்கின்றன. மரபணு ஒன்றைக் கண்டதும் அவற்றை மறந்துவிடுவது பெரிய அநீதி.

நான்காவது வழி, எதிர்ப்பொருளின் மாறாப் பகுதி. இது இலக்கைப் பிடிக்கும் நுனியைப் பாதிக்காது. எதிர்ப்பொருள் எத்தனை நாள் வாழும், எந்தச் செல்லை வரவழைக்கும் என்பதை முடிவு செய்கிறது. பரம்பரை வேறுபாடு முதன்முதலில் பிடிபட்டது இங்கேதான். 1956-இல் ஸ்வீடனின் ரூனே க்ரப் மனிதர்களின் காமா குளோபுலினில் (இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் அடங்கிய புரதப் பகுதி) ‘ஜிஎம்’ என்ற பரம்பரை அடையாளங்களைக் கண்டறிந்தார். டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் கருவிகள் வருவதற்கு இரு பத்தாண்டுகளுக்கு முன்பே அது நடந்துவிட்டது.

ஐஜிஜி3 என்ற எதிர்ப்பொருள் வகையைப் பாருங்கள். மற்ற ஐஜிஜி வகைகளின் அரை ஆயுள் ஏறத்தாழ 21 நாள், ஐஜிஜி3-க்கு 7 நாள் மட்டுமே. 435-ஆம் இடத்தில் மற்றவற்றில் ஹிஸ்டிடின் இருக்க, ஐஜிஜி3-இல் பொதுவாக ஆர்ஜினைன் இருக்கிறது. எதிர்ப்பொருள்களைச் சிதையாமல் மீட்டு இரத்தத்துக்குத் திருப்பும் ஏற்பியைப் பற்றுவதில் ஆர்ஜினைன் பின்தங்குகிறது. சிலரின் பரம்பரை வடிவத்தில் அந்த இடத்தில் ஹிஸ்டிடினே இருக்கிறது, அவர்களது ஐஜிஜி3 கூடுதல் நாள் நீடிக்கிறது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்கு எதிர்ப்பொருளைக் கடத்துவதும் அதே ஏற்பிதான். பெனின் நாட்டில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, இந்த வடிவத்தை மலேரியாவுக்கு எதிரான ஐஜிஜி3 குழந்தைக்குக் கூடுதலாகக் கடத்தப்படுவதோடும், கைக்குழந்தைப் பருவத்தில் மலேரியாவிலிருந்து கிடைக்கும் பாதுகாப்போடும் தொடர்புபடுத்தியது. ஓர் அமினோ அமிலம், அதுவும் தாயின் மரபணுவில் உள்ளது, இன்னொருவரின் முதல் மாதங்களைக் காக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இது.

படி 5: நான்கு நோய்களை வைத்து ஆழமாகப் பாருங்கள்

இன்ஃபுளுவென்சாவிலிருந்து தொடங்குவோம். அந்த வைரஸின் ஹீமாக்ளூட்டினின் புரதத்துக்குத் தலையும் தண்டும் உண்டு. தலை ஆண்டுதோறும் மாறும், தண்டு பெரிதாக மாறாது. தண்டைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் பலவகை இன்ஃபுளுவென்சாவையும் தடுக்கின்றன. 2009-இல் அவற்றின் முப்பரிமாண வடிவம் வெளியானபோது ஒரு விசித்திரம் தெரிந்தது: வெவ்வேறு ஆட்களிடமிருந்து எடுத்தவையாக இருந்தும், பல எதிர்ப்பொருள்கள் ஐஜிஎச்வி1-69 துண்டிலிருந்தே வந்திருந்தன. தண்டில் நீரை விலக்கும் தன்மையுள்ள ஒரு குழி இருக்கிறது. இந்தத் துண்டின் இரண்டாம் வளையத்தின் நுனியும் அதே தன்மையுடையது. 54-ஆம் இடத்தில் உள்ள ஃபீனைல்அலனின் குழிக்குள் பதிந்துகொள்கிறது.

சிலரின் அல்லீல்களில் 54-இல் ஃபீனைல்அலனினுக்குப் பதிலாக லூசின் இருக்கிறது. இரு பிரதியிலும் லூசின் உள்ளவர்களால் ஐஜிஎச்வி1-69 வழியாக இத்தகைய எதிர்ப்பொருளை உருவாக்குவது அரிது. இந்த வடிவங்களின் விகிதம் மக்கள்தொகைக்கு மக்கள்தொகை மாறுகிறது என்று 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் லூசின் உள்ளவர்கள் நிராதரவானவர்கள் அல்லர். அவர்கள் வேறு வி துண்டுகளின் வழியே தண்டைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை உருவாக்க முடியும். நோயெதிர்ப்பு ஒரே வழியை நம்பி இருப்பதில்லை. மரபணுவே விதி என்று பேசுபவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

எச்ஐவி விஷயத்தில் மாற்று வழி அவ்வளவு தாராளமாக இல்லை. தொடக்கத்தில் சொன்ன பரிசோதனை, விஆர்சி01 என்ற வகை எதிர்ப்பொருள்களைக் குறிவைத்தது. வைரஸ் மனிதச் செல்லைப் பற்றும் இடத்தையே இவை பிடிக்கின்றன என்பதால் பல வகை எச்ஐவியையும் தடுக்க வல்லவை. இவற்றுக்கு ஐஜிஎச்வி1-2 துண்டு வேண்டும். அதிலும் 50-ஆம் இடத்தில் டிரிப்டோஃபேன் உள்ள *02 அல்லது *04 வடிவம் வேண்டும். *05, *06 வடிவங்களில் அது இல்லை. விடுபட்ட அந்த ஒருவரிடம் இருந்தவை இந்த வடிவங்களே. *02, *04 இரண்டும் பொருந்துபவை என்றாலும் சமமானவை அல்ல. *04 உள்ளவர்களிடம் பொருத்தமான முன்னோடி பி செல்கள் குறைவு, அதனால் தடுப்பூசிக்குப் பின் தேடிய செல்களின் விகிதமும் குறைவு. வி துண்டு ஒன்றைக் கண்ணில் வைத்தே வடிவமைக்கப்பட்ட தடுப்பூசி இது. அத்தகைய தடுப்பூசியில் மக்களின் அல்லீல் விகிதங்களை முன்கூட்டியே அறிவது வடிவமைப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அதைத் தவிர்த்துவிட்டு உலகம் முழுமைக்கும் ஒன்று என்று திட்டமிட்டால், விடுபடுபவர்கள் யார் என்பது தடுப்பூசி போட்ட பிறகுதான் தெரியவரும். அது தாமதம் மட்டுமல்ல, தவறு.

கொரோனா வைரஸ் வேறொரு பாடத்தைத் தந்தது. 2020-இல் பல நாடுகளின் நோயாளிகளிடமிருந்து எடுத்த எதிர்ப்பொருள்களை ஒப்பிட்டபோது, ஐஜிஎச்வி3-53, ஐஜிஎச்வி3-66 ஆகிய மிக நெருங்கிய இரு துண்டுகள் திரும்பத் திரும்ப வந்தன. வைரஸ் செல்லைப் பற்றும் பகுதியைப் பிடிப்பதற்கான எழுத்துகள் அவற்றின் முதல், இரண்டாம் வளையங்களில் பிறவியிலேயே இருந்தன. பெரிய மேம்பாடு தேவைப்படவில்லை. பலரிடமும் ஒரே மாதிரி உருவாகும் இத்தகையவற்றைப் ‘பொது எதிர்ப்பொருள்கள்’ என்கிறார்கள். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பீட்டா, காமா திரிபுகளில் ஸ்பைக் புரதத்தின் 417-ஆம் இடம் மாறியபோது, இந்த வகை எதிர்ப்பொருள்களில் பெரும்பாலானவை பிடியை இழந்தன. ஒருவரிடம் தப்பிக்க வைரஸ் கற்றுக்கொண்ட தந்திரம், அதே பரம்பரைத் துண்டை நம்பியிருந்த எல்லோரிடமும் பலித்தது. கையிருப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவது ஒரு சமூகத்துக்கு ஏன் நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த குழு 2023-இல் இன்னும் நேரடியாகச் சோதித்தது. கொரோனா வைரஸைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களில் வி துண்டின் அல்லீலை மட்டும் வேறொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். மற்ற அனைத்தும் அப்படியே இருக்க, சில எதிர்ப்பொருள்கள் செயலிழந்தன. புள்ளிவிவரத் தொடர்பைவிட இத்தகைய சோதனைக்கு எடை அதிகம்.

மலேரியாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒட்டுண்ணியின் மேற்புரதம் ஒன்றில் நான்கு அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பிடிக்கும் சிறந்த எதிர்ப்பொருள்களில் பல, ஐஜிஎச்வி3-33 துண்டின் 52-ஆம் இடத்து டிரிப்டோஃபேனைச் சார்ந்துள்ளன. அந்தத் துண்டு நீங்கிய குரோமோசோம்களும் மனிதர்களிடம் உண்டு.

படி 6: மறுபக்கத்தையும் பாருங்கள்

கிருமியைப் பிடிக்கும் திறன் சில நேரம் தன் உடலையே தாக்கும் திறனாகவும் அமையும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் வாத இதய நோயை பசிபிக் பெருங்கடல் தீவு மக்களிடம் ஆராய்ந்த 2017 ஆய்வு, ஐஜிஎச்வி4-61*02 வடிவத்தின் ஒவ்வொரு பிரதிக்கும் ஆபத்து ஏறத்தாழ 1.4 மடங்காவதைக் கண்டது. 2018-இல், ஐஜிஜி1-இன் 396-ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் ஆர்ஜினைன் வரும் வடிவம், தன்னுடலையே தாக்கும் லூபஸ் நோயோடு தொடர்புபடுத்தப்பட்டது. கிழக்கு ஆசிய மக்களிடம் அது அதிகம். பி செல்லின் நினைவுத் தூண்டலை அது கூட்டுகிறது, அதே கூட்டல் தன்னுடல் தாக்கத்துக்கும் வழிவிடுகிறது. இப்படி ஓரிடத்தில் உதவுவது இன்னோரிடத்தில் கேடாவதால், எந்த வடிவத்தையும் ‘நல்லது’, ‘கெட்டது’ என்று முத்திரை குத்துவது பொருந்தாது.

படி 7: எப்படி அளக்கிறார்கள், ஏன் இத்தனை தாமதம்

மனித மரபணுத் தொகுதியைப் படித்து முடித்துப் பல ஆண்டுகளாகியும் இந்தப் பகுதி மட்டும் ஏன் மங்கலாக இருந்தது? கனச் சங்கிலியின் மாறும் பகுதி ஏறத்தாழ 10 லட்சம் எழுத்து நீளம். அதில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்த துண்டுகள் நெருங்கி நிற்கின்றன. டிஎன்ஏவைச் சில நூறு எழுத்துகளாக நறுக்கிப் படிக்கும் பழைய முறையில், ஒரு நறுக்கு எந்தத் துண்டைச் சேர்ந்தது என்றே சொல்ல முடியாது.

இன்னொரு காரணம் கவனிக்கத் தக்கது. பெரிய மரபணுத் திட்டங்கள் பலவற்றில் டிஎன்ஏ எடுத்தது, ஆய்வகத்தில் நிரந்தரமாக வளரும்படி மாற்றப்பட்ட பி செல்களிலிருந்து. பி செல்லில் வி, டி, ஜே துண்டுகள் ஏற்கெனவே வெட்டி ஒட்டப்பட்டுவிட்டன. இடையில் இருந்தவை போய்விட்டன. மரபணுத் தொகுதியின் மற்ற இடங்களைப் படிக்க அது போதும். நமக்கு வேண்டிய இடத்தை மட்டும் சரியாக அதுவே அழித்துவிட்டிருந்தது. மரபணுவுக்கும் நோய்க்கும் தொடர்பு தேடும் பரவலான ஆய்வுகளும் இந்தப் பகுதியைச் சரிவரத் தொடாமலே ஓடிக்கொண்டிருந்தன.

ஒரே குரோமோசோமிலிருந்து வந்த முழு வரிசை 2013-இல் கிடைத்தது. தந்தையின் மரபணுத் தொகுதி மட்டுமே இரட்டித்த, குழந்தையாக வளர இயலாத கருத்தரிப்புத் திசு அதற்குப் பயன்பட்டது. இரு வடிவங்கள் கலக்காததால் குழப்பம் தீர்ந்தது. பின்னர், பல ஆயிரம் எழுத்துகளை ஒரே வீச்சில் படிக்கும் கருவிகள் வந்தன. 2023-இல் 154 பேரிடம் அந்த முறையில் பரம்பரை வரிசையையும், அதே ஆட்களின் பி செல்களில் உண்மையில் பயன்படும் துண்டுகளையும் சேர்த்துப் படித்தார்கள். கனச் சங்கிலித் துண்டுகளில் பெரும்பான்மையானவற்றின் பயன்பாட்டு அளவு பரம்பரை வேறுபாட்டால் மாறுவது அதில் தெரியவந்தது. படி 2-இல் பார்த்த இரட்டையர் ஆய்வின் காரணத்தை எழுத்து எழுத்தாகக் காட்டிய வேலை அது.

இன்னொரு முறையும் உண்டு. பி செல்களின் ஆர்என்ஏவை மட்டும் லட்சக்கணக்கில் படித்து, திரும்பத் திரும்ப வரும் மாற்றம் எது, தனியாக வரும் மாற்றம் எது என்று கணினி வழியே பிரித்து, பரம்பரை அல்லீலை ஊகிக்கிறார்கள். செலவு குறைவு, ஆனால் பயன்படாத துண்டுகள் இதில் தென்படாது.

அல்லீல் பட்டியல் முழுமையாக இருப்பது ஆய்வாளர்களின் கவலை மட்டுமல்ல. நாள்பட்ட லிம்போசைட் இரத்தப் புற்றுநோயில், புற்றுச் செல்லின் வி துண்டு பரம்பரை வடிவத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது நோயின் போக்கைக் காட்டுகிறது என்று 1999-இல் கண்டறியப்பட்டது. 98 சதவீத ஒற்றுமை என்பது வழக்கமான எல்லைக்கோடு. நோயாளியின் உண்மையான அல்லீல் தரவகத்தில் இல்லாவிட்டால், பிறவியில் வந்த வேறுபாடு சடுதிமாற்றமாக எண்ணப்படும். எல்லைக்கோட்டின் அருகில் இருப்பவருக்கு அந்த ஓரிரு எழுத்துகள் கணிப்பையே மாற்றக்கூடும். தரவகங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரின் வரிசைகள் மிகுந்திருப்பதால், இந்தப் பிழை மற்றவர்கள் மீதே அதிகம் விழும். இதைச் சரிசெய்வதை நான் அவசர வேலையாகக் கருதுகிறேன்.

படி 8: ஒரு செய்தியை எடைபோடும் முறை

‘இந்த மரபணு உள்ளவர்களுக்கு இந்த நோய் வராது’ என்று படிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, காட்டப்பட்டது தொடர்பா, செயல்முறையா என்பது. ஒரு வடிவமும் ஒரு நோயும் சேர்ந்து காணப்படுவது தொடர்பு. அந்த எழுத்தை மாற்றினால் பிடிப்பு போகிறது, திருப்பி வைத்தால் வருகிறது என்று காட்டுவது செயல்முறை. இரண்டும் சேர்ந்து வந்தால் நம்பலாம்.

அடுத்து, அளந்தது எதிர்ப்பொருளின் ஒரு வகையையா, மொத்தப் பாதுகாப்பையா? விஆர்சி01 வகை உருவாகாதவருக்கு வேறு எதிர்ப்பொருள்கள் உருவாகாது என்று பொருளில்லை. எதிர்ப்பொருளோடு டி செல்கள் (T cells) என்ற வேறு வகை வெள்ளணுக்களும் உண்டு, அவற்றை ஆளும் எச்எல்ஏ மரபணுக்களும் உண்டு. பிறகு, மாதிரி எந்தச் செல்லிலிருந்து எடுக்கப்பட்டது, எந்த மக்கள்தொகையிலிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள். ஒரு குழுவில் கண்டதை எல்லோருக்கும் நீட்டுவது இந்தத் துறையில் மற்ற துறைகளைவிட ஆபத்தானது, ஏனெனில் அல்லீல் விகிதங்களே இடத்துக்கு இடம் மாறுகின்றன.

கடைசியாக நடைமுறை. எச்சில் மாதிரி அனுப்பி வம்சாவளி அறியும் வணிகப் பரிசோதனைகள், தேர்ந்தெடுத்த எழுத்துகளைத்தான் சரிபார்க்கின்றன. ஒத்த துண்டுகள் குவிந்த இந்தப் பகுதியை அவற்றால் நம்பகமாகப் படிக்க முடியாது. அந்த அறிக்கையை வைத்து ஒரு தடுப்பூசி தனக்குப் பலிக்கும், பலிக்காது என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. ஒருவருக்கோ ஒரு குழந்தைக்கோ கடும் தொற்றுகள் அடிக்கடி வந்தால், மருத்துவர் முதலில் பார்ப்பது இரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் வகைகளின் அளவுகளையும், தடுப்பூசிக்குப் பின் எதிர்ப்பொருள் உயர்கிறதா என்பதையும்தான். பி செல்களே உருவாகாத பிடிகே மரபணுக் குறை போன்ற அரிய பிறவி நோய்கள் அந்த வழியில்தான் பிடிபடுகின்றன, அவற்றுக்குச் சிகிச்சையும் இருக்கிறது. வி துண்டுகளின் அல்லீல் சோதனை இன்றைக்கு ஆய்வகங்களின் கருவி. அதன் பயன் முதலில் வந்து சேரப்போவது தடுப்பூசிகளை வடிவமைப்பவர்களுக்கும், பரிசோதனைகளில் பங்கேற்பவர்களை எங்கிருந்து தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்பவர்களுக்கும்.